பிள்ளைகளின் புகாரிலேயே துணைவினை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழோடு வரும் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் ‘ஹெல்பிங் வெர்ப் 24’ என்று, அதாவது இன்னொரு வினையோடு கூட வந்து உதவுகிற ஆங்கிலத் துணைவினைகள் 24 என்று, ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்று ஐந்து. ஹேவ், ஹேஸ், ஹேட் என்று மூன்று. டூ, டஸ், டிட் என்று மூன்று. கேன், குட், ஷல், ஷுட் என்று தொடங்கிப் போகிற மிச்சம் பதின்மூன்று. ஆக 24. ‘வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், தினமும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதை அப்படியே வெட்டி ஒட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேடசந்தூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2006-இல் பணியில் சேர்ந்தேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் தலைமை ஆசிரியரிடம். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஒரே அறையில் என்னிடம். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் நூற்பாலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் காட்டு வேலை. வீட்டில் ஆங்கிலம் காதில் விழ வழியே இல்லை. அவர்களுக்கு ஆங்கிலம் என்றால் எங்கள் அறையில் நடக்கிற முக்கால் மணி நேரம்தான்.

அந்த 24-ஐ நானும் பல ஆண்டு பாட்டு மாதிரிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் நன்றாகவே சொல்வார்கள். ஒருமுறை பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் கேட்டபோது நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் 24-ஐயும் சொல்லி முடித்தான். எல்லோரும் கை தட்டினோம். அதிகாரிக்கும் மகிழ்ச்சி. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் காட்டி, ‘ஹூ இஸ் ஹி?’ என்று கேட்டார். பையன் உடனே சொன்னான்: ‘ஹி மை பிரதர் சார்.’

பட்டியலில் இரண்டாவதாக இருக்கிற ‘இஸ்’ வாக்கியத்தில் இல்லை. அரை நிமிடத்துக்கு முன்னால்தான் அதை உரக்கச் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையன் கெட்டிக்காரன், எதையும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்வான். அப்படிப்பட்டவனுக்கே வரவில்லை என்றால் கோளாறு நான் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் அவன் பேசியது தமிழ். ‘அவன் என் தம்பி’ என்பதில் வினைச்சொல்லே கிடையாது. அது குறை வாக்கியமும் இல்லை, முழுசான நல்ல தமிழ். ‘இது எங்க வீடு’, ‘எங்க அப்பா டிரைவர்’, ‘நான் அஞ்சாம் வகுப்பு’ என்று நாள் முழுக்க வினை இல்லாமலேயே பேசுகிற பிள்ளைக்கு, நடுவில் ஒரு ‘இஸ்’ வேண்டும் என்று எப்படித் தோன்றும்? அதற்கான இடமே அவன் மனத்தில் இல்லை.

இதை இன்னும் தெளிவாக எனக்குக் காட்டியது வேறு ஒரு பிள்ளை. எங்கள் பக்கத்து மில்களுக்கு வடமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வருகிறார்கள். அப்படி பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை மூன்றாம் வகுப்பில் சேர்ந்தது. தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆனால் ஆங்கிலம் எழுதத் தொடங்கிய இரண்டாவது மாதமே அந்தப் பிள்ளையின் நோட்டில் ‘இஸ்’ விட்டுப்போகவே இல்லை. காரணம், இந்தியில் ‘அவன் என் தம்பி’ என்று சொன்னால் கடைசியில் ‘ஹை’ என்று ஒரு சொல் வந்தே தீரும். ‘இஸ்’ போய் உட்காரும் நாற்காலி அவள் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாற்காலியை முதலில் போட வேண்டும். அதைப் போடாமல் 24 விருந்தாளியையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடுகிறோம்.

‘இஸ் என்றால் இருக்கிறான்’ என்று பொருள் சொல்லிக்கொடுப்பதும் நடக்கிறது. அது இன்னும் சிக்கல். கொஞ்ச நாளில் பிள்ளை எல்லா வாக்கியத்திலும் உப்புப் போடுவது போல ஒரு ‘இஸ்’ தூவத் தொடங்கிவிடும். ‘ஹி இஸ் கோ’, ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’ எல்லாம் அப்படி வருவதுதான். ‘ஆம், இஸ், ஆர் போட வேண்டும்’ என்று நாம்தான் சொன்னோம். அவர்களும் சொன்னபடி போடுகிறார்கள்.

கொரோனா விடுமுறை முடிந்து 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வகுப்புகளைத் திறந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாமல் வந்த பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பலருக்குத் தமிழ் எழுத்தே தடுமாறியது. இந்த நிலையில் ஆங்கில இலக்கணத்தை எங்கே தொடங்குவது? புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதல் சில வாரம் பேசவிட்டேன். பேசவிட்டால் என்ன வரும்? புகார்தான் வரும்.

‘டீச்சர், இவன் அடிச்சுட்டான் டீச்சர்.’

‘என் பென்சிலை எடுத்துக்கிட்டான்.’

‘நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டா.’

‘கேட்டா குடுக்க மாட்டேங்கிறான்.’

‘நான் சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன், தள்ளி விட்டுட்டான்.’

ஒரு நாள் காலையில் வந்த புகார்களை எல்லாம் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன், அவர்கள் பேசியபடியே. எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. எல்லாப் புகாரிலும் துணைவினை இருந்தது. விடு, கொள், போடு, மாட்டு, இரு. எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுகூடத் தப்பில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று துணைவினையை அடுக்கிப் பேசுகிறது. ‘கிழித்தாள்’ என்றால் வெறும் செய்தி. ‘கிழிச்சுப் போட்டுட்டா’ என்றால் அதில் கோபம் இருக்கிறது, இனி ஒட்ட முடியாது என்பதும் இருக்கிறது. ‘எடுத்தான்’ வேறு, ‘எடுத்துக்கிட்டான்’ வேறு என்று நான் விளக்க வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘எடுத்துக்கிட்டான்னா அவனே வச்சுக்குவான் டீச்சர், தரமாட்டான்’ என்றாள். இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை.

துணைவினைகள் என்று தனிப் பாடம் நம் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில்தான் வருகிறது. ஆனால் ‘ஹெல்பிங் வெர்ப்’ என்ற பெயரை மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறார்கள். தான் தினமும் பேசுகிற ஒன்றின் பெயரை, தனக்குத் தெரியாத மொழியில், தனக்குத் தெரியாத உதாரணங்களோடு, ஐந்து ஆண்டு முன்னதாகக் கற்கிறது பிள்ளை. தொடக்கப் பள்ளியில் தமிழ் இலக்கணத்தை வலிந்து நுழைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துணைவினை என்ற பெயர்கூட வேண்டாம். ‘கூட வந்து உதவி செய்கிற சொல்’ என்றால் போதும். உங்கள் வாயிலேயே அது இருக்கிறது என்று கரும்பலகையில் ஒரு தடவை காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம் என்பதுதான் நான் சொல்வது.

இரு மொழியிலும் இந்தச் சொற்கள் நடந்துகொள்ளும் விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பல ஆண்டு கண்ணெதிரே இருந்தும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அது. ‘வந்துவிட்டான், வந்துவிட்டாள், வந்துவிடுவேன், வந்துவிடுகிறார்கள்.’ இதில் ‘வந்து’ அப்படியே நிற்கிறது. காலமும், ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதும் எல்லாம் ‘விடு’வின் தலையில். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ஆம் கமிங், இஸ் கமிங், வாஸ் கமிங்’ என்பதில் ‘கமிங்’ அசையாது, மாறுவதெல்லாம் உதவிக்கு வந்த சொல்தான். சுமையை உதவிக்காரர் வாங்கிக்கொள்கிறார். தமிழில் அவர் பின்னால் வருகிறார், ஆங்கிலத்தில் முன்னால் வருகிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

இதை நாங்கள் பள்ளிப் பையை வைத்து விளையாடுகிறோம். 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது வந்த அட்டைகள் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். ‘கோ’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். முதுகில் பை மாட்டினால் அட்டையைத் திருப்ப வேண்டும், பின்பக்கம் ‘வென்ட்’ என்று இருக்கும். பை என்பது நேற்று நடந்தது என்ற சுமை. இப்போது ‘டிட்’ அட்டையோடு இன்னொரு பிள்ளை வரும். வந்தவுடன் பையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொள்ளும். பை போனதும் ‘வென்ட்’ பழையபடி ‘கோ’ ஆகிவிட வேண்டும். ‘ஹி வென்ட்.’ ‘டிட் ஹி கோ?’ ‘ஹி டிட் நாட் கோ.’

‘டிட் யூ வென்ட்?’ என்று யாராவது சொன்னால் நான் திருத்துவதே இல்லை. ‘ரெண்டு பேரும் பை மாட்டியிருக்காங்க டீச்சர்!’ என்று மற்ற பிள்ளைகளே கத்திவிடுவார்கள். ‘டஸ்’ வந்தாலும் இதே கதைதான். ‘ஹி கோஸ்’ என்பதில் கடைசியில் இருக்கிற ‘ஸ்’ தான் பை. ‘டஸ்’ வந்து அதை வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் ‘டஸ் ஹி கோ’. வாங்கிய ‘ஸ்’ அந்த ‘டஸ்’ஸின் வாலிலேயே இருக்கிறது என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான். அதற்கு முன் நான் அதைக் கவனித்ததில்லை.

இதற்கும் தமிழில் துணை இருக்கிறது. ‘போனான்’ என்பதற்கு எதிர்மறை என்ன? ‘போகவில்லை.’ எந்தப் பிள்ளையும் ‘போனவில்லை’ என்று சொல்லாது. ‘இல்லை’ வந்து சேர்ந்தவுடன் ‘போன்’ தானாகப் ‘போக’ ஆகிவிடுகிறது. ‘டிட் நாட்’ வந்ததும் ‘வென்ட்’ மாறி ‘கோ’ ஆவது போலவே. ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதிய பிள்ளையிடம், ‘போனவில்லை என்று சொல்வியா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். சிரித்துக்கொண்டே அழித்து எழுதிவிடும். ஒரு வேறுபாடும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: ‘போகவில்லை’யில் காலம் தெரியாது, நேற்றா இன்றா என்று வேறு சொல் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘டிட்’ அந்தக் காலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எல்லோரும் ஆம், இஸ், ஆர் என்றுதான் தொடங்குகிறோம். தொடக்கமே கடினமான இடத்தில். நாங்கள் இப்போது ‘கேன்’ என்பதில் தொடங்குகிறோம். ‘ஐ கேன் ஜம்ப், ஹி கேன் ஜம்ப், தே கேன் ஜம்ப்.’ யாராக இருந்தாலும் மாறாது. தமிழிலும் பாருங்கள், ‘என்னால் குதிக்க முடியும், அவனால் குதிக்க முடியும், அவர்களால் குதிக்க முடியும்’ என்று ‘முடியும்’ மாறுவதில்லை. பொருளும் பொருந்துகிறது, நடத்தையும் பொருந்துகிறது. அதைவிட முக்கியம், பிள்ளைக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கிறது. ‘ஐ கேன் ஸ்விம் இன் த வெல்’ என்று கிணற்றில் நீச்சலடிக்கிற பையன் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன் அவன் ஆங்கில வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. ‘கேன்’ முடிந்து ‘மஸ்ட்’. ‘போக வேண்டும்’ என்பதில் ‘வேண்டும்’ யாருக்காகவும் மாறாதது போல இதுவும் மாறாது. இரண்டும் பழகிய பிறகு, அதாவது முன்னால் ஒரு சொல் வந்து நிற்கும் என்பது காதுக்குப் பழகிய பிறகு, ‘இஸ்’ பக்கம் போகிறோம். நாற்காலி போட்டாகிவிட்டது அல்லவா.

கேள்வி கேட்பது தனி வேலை. நமக்குக் கடைசியில் ஓர் ‘ஆ’ போட்டால் கேள்வி ஆகிவிடும். வந்தான், வந்தானா. ஆங்கிலத்தில் உதவிக்காரர் முன்னால் ஓடி வர வேண்டும். இதற்குத் தமிழில் இணை இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டக் கூடாது. அட்டை பிடித்த பிள்ளையை உண்மையிலேயே ஓடவிடுவதுதான் வழி. ‘ஹி’, ‘இஸ்’, ‘ஸ்லீப்பிங்’ என்று மூன்று பேர் நிற்பார்கள். நான் கை தட்டினால் ‘இஸ்’ ஓடி வந்து ‘ஹி’க்கு முன்னால் நிற்க வேண்டும். இதை ஒரு வாரம் ஆடினால் போதும். காலை உணவு முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது வாசலிலேயே, ‘டிட் யூ ஈட்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். ‘எஸ், ஐ டிட்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். உப்புமா பிடிக்காத இரண்டு பேர், ‘நோ டீச்சர், ஐ டிட் நாட் ஈட்’ என்பார்கள். அந்த இரண்டு பேருக்குத்தான் முதலில் வந்தது.

இன்னொன்று. பிள்ளைகள் பேசுகிற ‘வந்துட்டான்’, ‘போய்க்கிட்டிருக்கேன்’ என்பதைத் தப்புத் தமிழ் என்று தயவுசெய்து யாரும் அடிக்காதீர்கள். ‘விட்டான்’ தேய்ந்து ‘ட்டான்’ ஆனதும், ‘டிட் நாட்’ தேய்ந்து ‘டிடின்ட்’ ஆனதும் ஒரே மாதிரி வேலை. துணைவினை எந்த மொழியிலும் வாயில் அதிகம் புரளும், அதனால் தேயும். எழுதும்போது முழுசாக எழுதச் சொல்லலாம். ஆனால் பேச்சு வடிவத்தைக் கரும்பலகையில் ஏற்றினால்தான் பிள்ளைக்கு அது தன் சொல் என்று தெரிகிறது. நான் முதலில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிக் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை. ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று எழுதியதும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கினார்கள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று கோடு போட்டு இணைத்தால் மாட்டிக்கொள்வோம். நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். ‘தூங்கிக்கொண்டிருக்கிறான்’ என்பதில் வருகிற ‘இரு’வுக்கு ‘இஸ்’ சரி. ‘சாப்பிட்டிருக்கிறான்’ என்பதில் வருகிற ‘இரு’வுக்கு ‘ஹேஸ்’ வேண்டும். ‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’ என்பதற்கோ ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. தமிழில் ‘ஹேவ்’ என்று தனியாக ஒரு சொல்லே கிடையாது, ‘எனக்கு இருக்கிறது’ என்றுதான் சொல்வோம். அதனால் ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ மூன்றையும் உதவிச் சொல்லாகத் தொடக்கப் பள்ளியில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ‘ஐ ஹேவ் எ பென்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘ஷல்’, ‘ஆட் டு’, ‘டேர்’ எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு? கேன், மஸ்ட், ஆம், இஸ், ஆர், டூ, டஸ், டிட். எட்டுச் சொல். மூன்று ஆண்டில் இந்த எட்டும் வாயிலும் கையிலும் நின்றால் ஆறாம் வகுப்பு ஆசிரியர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

பெற்றோர் இதை ஒத்துக்கொள்வது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தனியார் பள்ளிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை 24-ஐயும் ஒப்பிக்கிறது, நம் பிள்ளை பை மாட்டி விளையாடுகிறது என்று ஓர் அம்மா என்னிடம் வருத்தமாகக் கேட்டார். அவரை ஒரு நாள் வகுப்பில் உட்காரச் சொன்னேன். மில்லில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து, தூக்கக் கண்ணோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் எழுந்து, ‘மை மதர் இஸ் சிட்டிங் தேர். ஷி டிட் நாட் ஸ்லீப்’ என்றாள். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இப்போது மகளோடு சேர்ந்து அவரும் ‘டிட் யூ ஈட்’ சொல்கிறாராம்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாணவர் பக்கத்தை எங்கள் மாதிரிப் பள்ளிகளில் எவ்வளவு ஆசையாகப் பிரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பிரதியை மூன்று வகுப்பும் மாற்றி மாற்றிப் படிக்கும். அதில் வந்தால் ஆசிரியர் சொன்னதைவிட உறுதி என்று நம்புவார்கள். அந்தப் பெட்டியின் அடுத்த பகுதி விரைவில் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பட்டியலுக்குப் பதிலாக வாக்கியங்கள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழ் வாக்கியம் ஒன்று இருக்கட்டும். எந்தச் சொல் உதவிக்கு வந்தது என்று பிள்ளையே அடிக்கோடு போடும்படி இடம் விடுங்கள். ஒரு பெட்டியில் ஒரே ஒரு உதவிச் சொல் போதும்.

உதாரணங்களுக்கு அலைய வேண்டியதில்லை. இந்த மாதம் என் வகுப்பில் வந்த புகார்கள் முப்பத்தெட்டைப் பெயர்களை நீக்கிவிட்டு, பேசியபடியே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அடிக்கோடு போட்டது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு இடத்தில் தவறாகப் போட்டிருக்கிறார்கள், திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்